முத்துத் தயிர்

“ஏட்டி டெல்பி, ஒன் தயிரு எங்க வீட்டுல உறைஞ்சிட்டு!”

அண்ணி முறையான லில்லி மைனி பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சர். மைதானத்தின் மறுகோடிக்குக் கேட்க வேண்டும் என்று கத்திக் கத்தியே பழகிய தொண்டை. ஆய்வகத்தில் கையுறையைக் கழற்றிக்கொண்டிருந்த டெல்பினா போனைக் காதிலிருந்து சற்றுத் தள்ளிப் பிடித்தாள்.

“எந்தத் தயிரு மைனி?”

“எந்தத் தயிரா? நீ கண்டுபிடிச்ச முத்துத் தயிருதான். கப்புல ஒட்டிட்டு இருந்ததை வழிச்சு வெதுவெதுன்னு இருந்த பாலுல விட்டேன். காலையில பாத்தா கத்தி வச்சு வெட்டலாம்.”

“அது உறையாது மைனி. உறையக் கூடாதுன்னுதான் அதைச் செஞ்சிருக்கோம். வேற தயிரு ஏதாவது கலந்திருக்கும்.”

“இது இன்னைக்கு நேத்து கதை இல்லட்டி. நீ மெட்ராஸ்ல கெடந்தப்பமே ஆரம்பிச்சாச்சு. தெருவே எங்கிட்ட உறை வாங்கிட்டுப் போவுது. போன்ல சொன்னா நீ நிறுத்தச் சொல்லுவன்னுதான் சொல்லல. இப்பம் ஊருக்கு வந்துட்டல்லா, நேருல வந்து பாரு. பாத்துட்டு அப்புறம் பேசு.”

சென்னையில் இரண்டாவது ஆலையைத் தொடங்கி வைக்கப் போன டெல்பினா மச்சாது, பல மாதங்கள் கழித்து அன்று காலைதான் தூத்துக்குடிக்குத் திரும்பியிருந்தாள். பெட்டியைக்கூடப் பிரிக்கவில்லை. போனை வைத்துவிட்டு அப்படியே நின்றாள். உறைந்திருக்க முடியாது. ஆனால் மைனி பொய் சொல்லுகிற ஆளும் இல்லை.

அதுவரை உலகம் கொலாஜனைத் தின்றுகொண்டிருந்தது. மீன் தோலையும் மாட்டுத் தோலையும் வேகவைத்து, பொடியாக்கி, ஆரஞ்சு வாசனை சேர்த்து, டப்பாவில் அடைத்து விற்றார்கள். தோல் பளபளக்கும், சுருக்கம் போகும் என்று நம்பி, காலையில் வெந்நீரில் கலக்கிக் குடித்தார்கள். சிலருக்குக் கொஞ்சம் பலன் இருந்தது. பலருக்கு ஆரஞ்சு வாசனைதான் மிச்சம். தூத்துக்குடி மீன் ஏற்றுமதி ஆலைகளின் பின்வாசலில் குவிந்த தோலும் செதிலும் அந்தப் பொடிக்காகக் கப்பலேறிப் போவதைச் சின்ன வயதிலிருந்து பார்த்தவள் டெல்பினா. நுண்ணுயிரியல் படித்து முடித்தபோது அவளுக்கு ஒரு கேள்வி வந்தது. கொலாஜனைத் தின்பதற்குப் பதில், கொலாஜன் செய்கிறவனையே வயிற்றில் குடிவைத்தால் என்ன?

அப்படிப் பிறந்ததுதான் முத்துத் தயிர். கடல்மீனின் குடலில் கிடைத்த ஒரு நுண்ணுயிரை எடுத்து, மனித உடம்புக்குத் தகுந்த கொலாஜன் துண்டுகளைச் செய்ய அவள் பழக்கினாள். அது வயிற்றில் உட்கார்ந்து துண்டுகளைச் செய்யும். கூடவே, ‘வேலை இருக்கிறது, எழுந்திரு’ என்று தோலுக்கு ஒரு சேதியும் அனுப்பும். நாளுக்கு ஒரு கப். கன்னம் இறுகியது, கண்ணுக்குக் கீழே கருமை கரைந்தது. பணமுள்ள ஊர்களில் எல்லாம் வரிசையில் நின்று வாங்கினார்கள். அதற்கு ஒரு பூட்டும் போட்டிருந்தாள். ஆலையில் மட்டும் செய்யப்படும் ஒரு தீனி இல்லாவிட்டால் அந்த உயிர் பெருகாது. சாப்பிடுவதை நிறுத்தினால் சில நாளில் வயிற்றைவிட்டுப் போய்விடும். வீட்டில் உறை ஊற்றினால் பால் பாலாகவே இருக்கும். இருக்க வேண்டும்.

ஓட்டுநரில்லாத ஆட்டோ அவளைத் தெருமுனையில் இறக்கிவிட்டது. இறங்கியதுமே அவளுக்குப் புரிந்துவிட்டது.

முதலில் கண்ணில் பட்டவர் ஐஸ் கம்பெனியில் வேலை பார்க்கும் பக்கத்து வீட்டு அண்ணாச்சி. வெயிலில் கருத்துத் தடித்திருந்த அவர் கழுத்து, புது மாப்பிள்ளையின் கழுத்து மாதிரி இருந்தது. குழாயடியில் நின்ற பெண்களின் முழங்கைகள் மினுங்கின. மீன் கூடையைத் தலையிலிருந்து இறக்கிய ஒருத்தி, டெல்பினாவைப் பார்த்ததும் தன் கன்னத்தைத் தானே கிள்ளிக் காட்டிச் சிரித்தாள். அடுத்தவளும் சிரித்தாள். தெரு முழுக்கச் சிரிப்பு பரவியது.

லில்லி மைனி வாசலில் இடுப்பில் கை வைத்து நின்றாள். இரண்டாவது பிள்ளை பிறந்ததிலிருந்து அவள் கன்னங்களில் படர்ந்திருந்த மங்கு காணாமல் போயிருந்தது.

“இப்பம் சொல்லு. உறையாதா?”

டெல்பினா அடுக்களைக்குள் ஓடினாள். சட்டியைத் திறந்து, ஒரு துளியைக் கண்ணாடிச் சில்லில் தடவி, கைப்பையில் எப்போதும் வைத்திருக்கும் சின்ன நுண்நோக்கியில் வைத்துப் பார்த்தாள். இருந்தது. அவள் படைத்த உயிர், ஆயிரமாயிரமாக, கொழுகொழுவென்று. அதைச் சுற்றி வேறொரு கூட்டமும் இருந்தது.

“மைனி, உறை ஊத்தும்போது வேற எதுவும் சேத்தீங்களா?”

“முதல் தடவை உறையல. அதான் நம்ம வீட்டு உறைமோரையும் ஒரு கரண்டி விட்டேன். அம்புட்டுத்தான்.”

டெல்பினா தரையில் உட்கார்ந்துவிட்டாள். “நம்ம வீட்டு மோருல இருக்கிற கிருமி, இதுக்குச் சோறு போட்டு வளத்திருக்கு மைனி. நான் ஆலையில பூட்டி வச்ச தீனியை அது சும்மா செஞ்சு குடுத்துட்டு இருக்கு.”

“பாரேன்! வீட்டுக்கு வந்த விருந்தாளிக்குச் சோறு போட்டிருக்கு. இதுல என்ன தப்பு?”

பயப்பட வேண்டியவள் டெல்பினா. கம்பெனியின் உயிரே அந்தப் பூட்டில்தான் இருந்தது. ஆனால் அவளுக்குச் சிரிப்புத்தான் வந்தது. அடக்க அடக்கப் பொங்கியது. கடையில் கப் கப்பாக விற்பதற்காகச் செய்த ஒன்று, கரண்டி கரண்டியாகக் கைமாறித் தெருவையே மெருகேற்றியிருந்தது. எந்த ஆய்வுக் கட்டுரையும் அவளுக்கு இந்தச் சந்தோஷத்தைக் கொடுத்ததில்லை.

அப்போதுதான் பின்வாசல் வழியாக முத்துக்கனி வந்தாள். மைனியிடம் படிக்கும் ஒரு பிள்ளையின் அம்மா. உப்பளத்தில் வேலை. உப்பு நீருக்குள் வெறுங்காலோடு நின்று நின்று, பாதத்தில் பாளம் பாளமாக வெடிப்பு, வெடிப்புக்குள் ஆறாத புண். அளத்தில் வேலை செய்கிற எல்லோருடைய காலும் அப்படித்தான் என்பது ஊருக்கே தெரியும். செத்தவரை எரித்தால்கூட உப்பேறிய அந்தப் பாதம் மட்டும் வேகாது என்று ஊரில் பேசிக்கொள்வார்கள்.

“டாக்டரம்மா வந்திருக்காவன்னு சொன்னாவ. ஒங்ககிட்டக் காட்டணும்னு ஓடி வந்தேன்” என்றவள், சேலையைக் கணுக்கால் வரை தூக்கிப் பிடித்தாள்.

டெல்பினா குனிந்து பார்த்தாள். வெடிப்பு இல்லை, புண் இல்லை. நடை பழகும் குழந்தையின் பாதம் மாதிரி இளஞ்சிவப்பாக இருந்தது. அவள் தன்னையறியாமல் அந்தப் பாதத்தைக் கையில் ஏந்திக்கொண்டாள். முத்துக்கனி கூசி, காலை இழுத்து, ஒற்றைக் காலில் தடுமாறி, மைனியின் தோளைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

“கூசுதும்மா! எங்காலு கூசுதுன்னு சொன்னா எங்க வீட்டுல உள்ளவுக நம்ப மாட்டேங்காவ. அவுகளும் தயிரு தின்னுதாவ. ராத்திரி குடிச்சிட்டு வந்தாலும் இதுல ஒரு சொம்பு குடிச்சிட்டுத்தான் படுக்காவ.”

டெல்பினா அதைக் கேட்டாள். ஆனால் அவள் கவனமெல்லாம் பாதத்தில் இருந்தது.

சேதி நிறுவனத்துக்குப் போய்ச் சேர அதிக நாள் ஆகவில்லை. தூத்துக்குடியில் மட்டும் முத்துத் தயிர் விற்பனை சரிந்திருந்தது. நிறுவனத்தை நடத்தும் நளினி கார்மேகம் சென்னையிலிருந்து பறந்து வந்தாள். டெல்பினாவைவிட இரண்டொரு வயது மூத்தவள். இருவரும் ஒரே விடுதியில் படித்தவர்கள்.

“வீட்டுக்கு வீடு காப்பி அடிக்கிறாங்க, நீ சிரிக்கிற” என்றாள் நளினி.

“உப்பளத்துக் காலை நீ பாக்கணும் நளினி. நாம முகத்துக்குன்னு செஞ்சோம். அது காலுக்குப் போயிருக்கு. சர்க்கரைப் புண்ணு, படுக்கைப் புண்ணு, தீக்காயம்... எதுக்கெல்லாம் ஆகும்னு யோசிச்சுப் பாரு. தூக்கமே வரல எனக்கு.”

நளினிக்கும் கண் மின்னியது. அவளும் அடிப்படையில் அந்த ஆய்வகத்துக்காரிதான். “சரி, மருந்தா கொண்டு போவோம். ஆனா முறையா. இப்படியே ஊர் பூரா பரவினா, நாளைக்கு யாருக்கோ வயித்து வலின்னாலும் நம்ம மேல வரும். தடைன்னு ஒண்ணு வந்துட்டா அந்தக் காலுக்கும் கிடைக்காது. வேற பூட்டு செய். கெட்டியா செய்.”

டெல்பினா பதில் சொல்வதற்குள் முத்துக்கனியின் போன் வந்துவிட்டது. இந்த முறை அந்தக் குரலில் சிரிப்பு இல்லை.

மருத்துவமனைக் கட்டிலில் முத்துக்கனியின் கணவன் சொரிமுத்து படுத்திருந்தான். லாரியில் உப்பு மூட்டை ஏற்றுகிறவன். முகமும் கையும் மெருகு குலையாமல் இருபது வயதுப் பையனைப் போல் இருந்தான். கண் மட்டும் மஞ்சளாக இருந்தது. வயிறு பானை மாதிரி உப்பியிருந்தது.

“குடிக்கிறவர்தான், ஒத்துக்கிறேன்” என்றார் பணியில் இருந்த மருத்துவர். “ஆனா இவ்வளவு ஈரல் கெட்டிப்படறதுக்குப் பல வருஷம் ஆகும். போன மழைக்கு முன்னாடி எடுத்த ஸ்கேன்ல ஓரளவு நல்லாத்தான் இருந்திருக்கு. இதே மாதிரி இந்த வாரத்துல இன்னும் சிலர் வந்திருக்காங்க. எல்லாரும் ஆம்பளைங்க. எல்லாருக்கும் தோல் மட்டும் அப்படி ஒரு பளபளப்பு. எனக்கு ஒண்ணும் பிடிபடல.”

டெல்பினாவுக்குப் பிடிபட்டது. வெளியே வந்தாள். முத்துக்கனி பின்னாலேயே வந்தாள்.

“என்னன்னு சொல்லுங்கம்மா. ஒங்க மூஞ்சியப் பாத்தா ஏதோ தெரிஞ்சிருக்கு.”

மறைக்க டெல்பினாவுக்கு மனம் வரவில்லை. “கொலாஜன் தோலுக்கு மட்டும் உள்ளது இல்லக்கா. ஒடம்புல எங்க புண்ணு இருந்தாலும் அடைக்கிற சாந்து அது. தோலுல புண்ணு இருந்தா அடைச்சு ஆத்திரும். ஆனா குடிச்சுக் குடிச்சு ஈரல்ல ஏற்கெனவே புண்ணு இருக்கிறவங்களுக்கு, அங்கேயும் போய்ப் பூசுது. பூசிப் பூசி ஈரல் கல்லாயிடுது.”

“அப்பம் தயிரை நிறுத்திட்டா?”

“கடைத் தயிருன்னா நிறுத்தினா தானாப் போயிரும். இது வீட்டுல உறைஞ்ச தயிரு. வீட்டு மோரோட கிருமி வயித்துலயும் கூடவே இருந்து சோறு போட்டுட்டு இருக்கும். தானாப் போகாது.” டெல்பினா மூச்சை இழுத்துவிட்டாள். “அதைக் கொல்ல எங்கிட்ட ஒண்ணு இருக்கு. கிருமியைத் தின்கிற கிருமி. வேட்டையன்னு பேரு வச்சிருக்கோம். ஒரு கரண்டித் தயிருல கலந்து குடுத்தா வயித்துல இருக்கிறதைத் தேடித் தேடித் தின்னு தீத்துரும். ஆனா...”

“ஆனா என்னம்மா?”

“அது கரண்டி வழியாத் தயிருக்குத் தயிர் தாவும். ஊருக்குள்ள விட்டா முத்துத் தயிரு ஒரு சட்டியிலகூட மிஞ்சாது. ஒங்க காலு பழையபடி ஆயிரும்க்கா. அளத்துல உள்ள எல்லாரோட காலும்.”

முத்துக்கனி தன் பாதங்களை ஒருமுறை குனிந்து பார்த்தாள். ஒரு கணம்தான். பிறகு நிமிர்ந்தாள். “காலு போனாப் போவட்டும். அவுகளக் காப்பாத்துங்க.” கண்ணைத் துடைத்துக்கொண்டவளுக்கு ஏதோ உறுத்தியிருக்க வேண்டும். “ஆனா நான் தயிரே தின்னலியேம்மா. எனக்குச் சின்னப்புள்ளையிலருந்தே தயிரு ஒத்துக்காது. வாந்தி வந்துரும்.”

“என்னது?”

“லில்லி டீச்சர் குடுத்தப்பம், வேண்டாம்னு சொல்ல மனசு வரல. காலு எரியுதேன்னு குளுகுளுன்னு இருக்கட்டும்னு வெடிப்புல பூசினேன். அப்புறம் அளத்துல எல்லாருமே பூச ஆரம்பிச்சிட்டாளுவ.”

டெல்பினா அவள் இரண்டு தோள்களையும் பிடித்துக் குலுக்கினாள். வராந்தாவில் நடந்துகொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். “திரும்பச் சொல்லுங்க! ஒரு வாய்கூடத் தின்னலியா?”

“சத்தியமா இல்லம்மா.”

அவ்வளவு நாளும் டெல்பினா வயிற்றின் வழியாகவே யோசித்திருந்தாள். கொலாஜன் என்றால் தின்ன வேண்டும், அப்படித்தான் காலம் காலமாக விற்றார்கள், அவளும் அதே தடத்தில் போனாள். தோலில் வைத்தால் தோலோடு நின்றுகொள்ளும், ஈரலைத் தொடாது என்பதை யாரும் சோதித்துப் பார்க்கவில்லை. அளத்துப் பெண்கள் தற்செயலாக அதைச் சோதித்து முடித்திருந்தார்கள். அன்றே அவள் முத்துக்கனியையும், பூச மட்டும் செய்த, குடிப்பழக்கமுள்ள சில அளத்து ஆட்களையும் அழைத்துவந்து ஸ்கேன் எடுக்க வைத்தாள். குடிக்கிறவர்களின் ஈரல்கூடக் கெட்டிப்பட்டிருக்கவில்லை.

அடுத்த நாள் நண்பகலில், ஆய்வகத்தின் உறைபனிப் பெட்டிக்கு முன்னால் டெல்பினா நின்றாள். உள்ளே, வேட்டையன் உறைந்திருந்த சிறு கண்ணாடிக் குழாய்கள். வாசலில் நளினி நின்றாள்.

“நீ அதைத் தொட்டா நம்ம ஆலையும் செத்துடும் டெல்பி. சென்னை, தூத்துக்குடி ரெண்டும். அது ஒரு துளி ஒட்டிட்டு வந்தாக்கூட நம்ம தொட்டியில ஏறிடும்.”

“தெரியும்.”

“உறை ஊத்திக் குடிச்சவங்களுக்குத்தானே இந்தப் பிரச்சனை? நம்ம கப்புல இருக்கிறது வயித்துல தங்கவே தங்காது.”

“தினமும் ஒரு கப் தின்கிறவனுக்கு அது தங்கினா என்ன, தங்காட்டி என்ன? தினமும் புதுசா வந்துட்டேதான் இருக்கும். நாம யார்கிட்ட சோதனை பண்ணினோம்? முகம் மினுங்கணும்னு ஆசைப்பட்ட ஆரோக்கியமான பொண்ணுங்ககிட்ட. அவங்களுக்கு ஈரல்ல புண்ணு ஏது? இப்ப வீட்டுக்கு ஒரு டப்பா இருக்கு. அந்த வீட்டு ஆம்பளைங்களும் தின்கிறாங்க.”

நளினி நெற்றியைக் கையால் அழுத்திக்கொண்டாள். டெல்பினா குழாய்களை எடுத்து, கையோடு கொண்டுவந்த சின்னக் குளிர்ப்பெட்டியில் அடுக்கினாள். தடுக்க வருவாள் என்று எதிர்பார்த்துத் தோளை நிமிர்த்திக்கொண்டு வாசலுக்கு வந்தாள்.

“எத்தனை எடுத்திருக்க?” என்றாள் நளினி.

“ஊருக்குப் போதும்.”

“ஒண்ணு கூட எடுத்துக்கோ.” அவள் குரல் உடைந்திருந்தது. “எங்கப்பாவுக்கு. சாயங்காலம் ரெண்டு பெக் இல்லாம அவருக்கு முடியாது. காலையில நம்ம தயிர் இல்லாமலும் முடியாது. மக கம்பெனித் தயிர்னு பெருமையா எல்லாருக்கும் காட்டிட்டு சாப்பிடுவார்.”

நளினி வாசலைவிட்டு விலகி வழிவிட்டாள்.

“விஷயத்தை நானே வெளிய சொல்லிடறேன். ஆலையை மூடறேன். ஆனா டெல்பி, உன்னை வேலையை விட்டு எடுக்கச் சொல்லி பங்குதாரருங்க கேப்பாங்க. நான் எடுத்துடுவேன்.”

“எடுத்துக்கோ” என்றாள் டெல்பினா. அவளுக்கு அழுகை வந்தது, கூடவே ஒரு துள்ளலும் வந்தது. குளிர்ப்பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு படிகளில் தடதடவென்று இறங்கி ஓடினாள்.

அதற்குப் பிறகு நடந்ததை எல்லாம் லில்லி மைனியின் விசில்தான் நடத்தியது. பள்ளி மைதானத்தில் ஊரைக் கூட்டினாள். வகுப்பு வகுப்பாகப் பிள்ளைகளை நிறுத்துவதைப் போல் தெருத் தெருவாகப் பெரியவர்களை நிறுத்தினாள். டெல்பினா மேசை மேல் ஏறி நின்று, ஈரலைப் பற்றியும் தோலைப் பற்றியும் மருத்துவமனையில் சொன்ன அதே வார்த்தைகளில் சொன்னாள்.

“ரெண்டு சட்டி!” என்று முடித்து வைத்தாள் மைனி. “கேட்டுக்கிடுங்க. முத்துத் தயிரு சிவப்பு மூடிச் சட்டியில. அது பூசுறதுக்கு மட்டும். யாரும் வாயில வைக்கக் கூடாது. வேட்டையன் கலந்த தயிரு வெள்ளை மூடிச் சட்டியில. அது தின்கிறதுக்கு. வயித்துல இருக்கிறதை அது தொடச்சுரும். சிவப்புல போட்ட கரண்டி வெள்ளையில படக் கூடாது, வெள்ளையில போட்டது சிவப்புல படக் கூடாது. பட்டுச்சுன்னா சிவப்புச் சட்டி செத்துரும். அப்புறம் அளத்துக்காரிகளுக்கு நீங்கதான் பதில் சொல்லணும்!”

“அப்பம் எங்க மூஞ்சி?” என்று கூட்டத்திலிருந்து ஒரு குரல் கேட்டது.

“பூசிக்கோ! தின்னாதன்னுதான் சொன்னேன்!”

மைதானமே சிரித்தது. வரிசை நகர்ந்தது. ஆளுக்கு ஒரு கரண்டி. ஐஸ் கம்பெனி அண்ணாச்சி வாயைத் திறந்துகொண்டு முதல் ஆளாக நின்றார். நளினி மறுநாளே அறிக்கை விட்டாள். எல்லா ஊருக்கும் குழாய்கள் போயின.

எல்லோரும் தப்பிவிட்டார்கள் என்று சொல்ல முடியாது. துறைமுகத்தில் கிரேன் ஓட்டிய சூசைமரியான் வரிசைக்கு வருவதற்கு முன்பே போய்விட்டான். அவன் அடக்கத்துக்குப் போன டெல்பினா, பெட்டிக்குள் தெரிந்த அந்தப் பொலிவான முகத்தைப் பார்க்க முடியாமல் வெளியே வந்து நின்றாள். சொரிமுத்து பிழைத்தான். வயிறு வடிந்தது. கெட்டிப்பட்ட ஈரல் கெட்டிப்பட்டதுதான், மேலே பரவாமல் நின்றது. மூட்டை தூக்க முடியாது, குடிக்க முடியாது. “ரெண்டாவதுதான்மா எனக்கு வருத்தம்” என்று டெல்பினாவிடம் சொல்லி முத்துக்கனியிடம் ஒரு குத்து வாங்கினான்.

டெல்பினாவுக்கு வேலை போயிற்று. லில்லி மைனியின் மாடியில் சின்னதாக ஓர் ஆய்வகம் வைத்தாள். பூசுகிற தயிர் எந்தப் புண்ணுக்கு எவ்வளவு, எப்படி என்று ஒவ்வொன்றாகச் சோதித்தாள். அந்த மருத்துவரும் விடுமுறை நாட்களில் வந்து சேர்ந்துகொண்டார். அவ்வளவு உற்சாகமாக அவள் வாழ்நாளில் வேலை செய்ததில்லை.

மழை ஓய்ந்து உப்புப் பருவம் தொடங்கிய அன்று, சிவப்பு மூடிச் சட்டியோடு அவளும் மைனியும் அளத்துக்குப் போனார்கள். கண்ணுக்கு எட்டிய வரை பாத்திகள், பாத்திகளில் வானம். ஆனால் யாரும் உள்ளே இறங்கியிருக்கவில்லை. பெண்கள் வரப்பில் கூட்டமாக நின்றார்கள். எதிரே உப்பளத்து முதலாளி தங்கப்பழம் அண்ணாச்சி வெள்ளை வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்.

விஷயம் இதுதான். இந்தப் பருவத்திலிருந்து எல்லோருக்கும் ரப்பர் பூட்ஸ் தருவதாகத் தொழிற்சங்கத்திடம் அவர் ஒப்புக்கொண்டிருந்தார். இப்போது பின்வாங்கிவிட்டார்.

“நல்ல வேளை, டாக்டரம்மாவே வந்துட்டாவ” என்று அவர் திரும்பினார். “நீங்களே சொல்லுங்கம்மா. சாயங்காலம் ஒங்க தயிரப் பூசினா காலு ஆறிரும்லா?”

டெல்பினாவால் உண்மையைத்தான் சொல்ல முடிந்தது. “ஆறிரும்.”

“அம்புட்டுத்தான! பொறவு பூட்ஸ் எதுக்கு? தயிருக்கு வேணும்னா பால் நான் வாங்கித் தாரேன்.”

தன் கண்டுபிடிப்பு இப்படியும் ஒரு வழியில் போகும் என்று டெல்பினா யோசித்ததே இல்லை. அப்போது முத்துக்கனி முன்னால் வந்தாள்.

“ஆறிரும் அண்ணாச்சி. நாங்க இல்லன்னு சொல்லல. ஆனா எரியுதுல்லா.”

“முன்னாடியும் இதே தண்ணியிலதான நின்ன? அப்பம் எரியலியா?”

“இல்ல” என்றாள் முத்துக்கனி. அவள் முகத்தில் ஆச்சரியம் இருந்தது, அதை அவளே அப்போதுதான் கண்டுபிடித்ததைப் போல. “முன்னாடி இருந்தது காலே இல்ல, கட்டை. மேல வெடிப்பு எரியும், அடியில ஒண்ணுமே தெரியாது. இது புதுத் தோலு. மணல் ஊருறது தெரியுது, காத்து தெரியுது, இந்த வரப்புச் சூடு தெரியுது. காலையில இறங்கிப் பாத்தேன். உப்பு ஊசி மாரி இறங்குது. இந்தக் காலை என்னால இதுக்குள்ள வைக்க முடியாது.”

மற்ற பெண்களும் ஆமாம் ஆமாம் என்றார்கள். ஒருத்தி வரப்பில் உட்கார்ந்து காலை நீட்டினாள். அடுத்தவளும் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரத்தில் வரப்பு நெடுகச் சிவந்த பாதங்கள் வரிசையாக வெயிலில் மின்னின.

“சும்மா சொல்லாதீக. அப்படி என்ன எரிஞ்சிரும்?” என்றார் தங்கப்பழம்.

“நீங்களும் முத்துத் தயிரு தின்னு மினுமினுன்னு ஆனவுகதான! மைதானத்துல வெள்ளைச் சட்டித் தயிருக்கு வரிசையில நின்னீகல்லா, நான் பாத்தேனே?” என்றாள் முத்துக்கனி. “செருப்பக் கழத்திட்டு இறங்கிப் பாருங்க அண்ணாச்சி.”

இத்தனை பேர் பார்க்கும்போது அவரால் மறுக்க முடியவில்லை. செருப்பைக் கழற்றினார். அவர் பாதமும் இளம் சிவப்புதான். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பாத்திக்குள் ஒரு காலை வைத்தார். அடுத்த கணம் “அம்மாடி!” என்று அலறி வரப்பில் தாவி ஏறினார். லில்லி மைனி சிரித்த சிரிப்பில் உப்புக் குவியலில் இருந்த கொக்குகள் எழும்பிப் பறந்தன. பெண்கள் ஒருத்தி மேல் ஒருத்தி சாய்ந்து சிரித்தார்கள். அண்ணாச்சி ஒற்றைக் காலைத் துண்டால் ஒற்றிக்கொண்டே அவர்களைப் பார்த்தார். நீட்டியிருந்த அந்தப் பாதங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். அவர் முகத்திலிருந்த ஏளனம் மெல்லக் கரைந்தது. போனை எடுத்தார்.

“ஏல, அந்த பூட்ஸ் ஆர்டரை வேண்டாம்னு சொன்னேம்லா, அதைப் போடு... ஆமா, எல்லாத்துக்கும்... என்னது, அளவா? இரு, கேட்டுச் சொல்லுதேன்.” போனைக் கையால் பொத்திக்கொண்டு முத்துக்கனியிடம் கேட்டார். “ஒன் காலு எத்தனாம் நம்பரு?”

முத்துக்கனி விழித்தாள். பக்கத்தில் இருந்தவளைப் பார்த்தாள். அவள் அடுத்தவளைப் பார்த்தாள். வரப்பு முழுவதும் அந்தப் பார்வை போய்த் திரும்பி வந்தது. ஒருத்திக்கும் தெரியவில்லை.

டெல்பினா ஈர மணலில் மண்டியிட்டு உட்கார்ந்து, அதைக் கையால் தடவிச் சமப்படுத்தினாள். “இங்க வைங்கக்கா” என்றாள்.

முத்துக்கனி காலைத் தூக்கி, மெதுவாக, அழுத்தி வைத்தாள்.